பிள்ளையின் பெயரால் ஒரு வாசஸ்தலம்

கல்பாத்தி, நூரணி, தத்தமங்கலம், கொல்லங்கோடு என்று பாலக்காட்டுச் சமவெளியெங்கும் பரந்து கிடக்கும் அக்கிரகாரங்கள் தேர்த் திருவிழாவின்போது மட்டும் ஜனங்களால் நிறைந்து, மற்ற மாதங்களில் வீட்டுக்கு இரண்டு முதியவர்களும் சில வீடுகளில் ஒருவருமாகக் குறைந்துபோவதைப் பார்க்கிறவர்களுக்கு, பிள்ளைகள் எங்கே என்று விசாரிக்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. 1970 ஜனவரி முதல் தேதி கேரளத்தில் குத்தகை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, நெல்வயல்கள் உழுதவர்களுக்கு நியாயமாகவே போய்ச் சேர்ந்தபின், நிலவருமானத்தை நம்பியிருந்த அக்கிரகாரத்துக் குடும்பங்கள், அதற்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கப்படி, பிள்ளைகளைப் படிக்கவைத்துச் சென்னைக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் அனுப்பின. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் கானடாவுக்கும் போனார்கள். போனவர்கள் நடுவயதை எட்டி, இங்கே இருப்பவர்கள் விருத்தாப்பியத்தை எட்டும் தருணத்தில், “அப்பா, நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்கோளேன்” என்ற பேச்சு தொலைபேசியில் எழாத வீடு அனேகமாக இல்லை.

அழைப்பு பாசத்தினால் வருவது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வேற்று தேசத்தில் நிரந்தரமாக வசிப்பதென்பது பாசத்தினால் மட்டும் ஆகிற காரியமல்ல. யார் அழைக்கலாம், எப்போது அழைக்கலாம், வந்தவருடைய உரிமை யார் பெயரில் நிற்கும், அழைத்தவர் வேலையை இழந்தால் வந்தவர் கதி என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொரு தேசமும் தனித்தனியே விடை எழுதி வைத்திருக்கிறது. இவற்றுள் கடைசி இரண்டு கேள்விகளே பிரதானமானவை என்பது என் அபிப்பிராயம். நம்மவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பிரஜையின் தாய்தந்தையரை நெருங்கிய பந்துக்கள் என்ற வகுப்பில் சேர்த்து, ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற எண்ணிக்கை வரம்புக்கு வெளியே வைத்தது. சகோதர சகோதரிகளை அழைக்க நினைக்கும் இந்தியர் பத்தாண்டுக்கு மேலாக வரிசையில் நிற்க, பெற்றோருக்கு அப்படி வரிசையே கிடையாது. மனுவைப் பரிசீலிக்கவும் நேர்காணலுக்கு அழைக்கவும் ஆகிற காலம்தான் காத்திருக்கும் காலம். ஆனால் மனுச் செய்கிறவர் இருபத்தோரு வயது நிறைந்த அமெரிக்கப் பிரஜையாக இருக்கவேண்டும். பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவர் மனைவியையும் மணமாகாத மக்களையும் அழைக்கலாமே தவிர, பெற்றோரை அழைக்க முடியாது.

இந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கும் கணக்கைப் பிள்ளைகள் பலர் காலத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. இருபத்தைந்து வயதில் வேலை விசாவில் போன ஒருவருக்கு, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியினால் இந்தியர்களின் வரிசை மிக நீண்டுபோய்விட்ட காரணத்தால், பச்சை அட்டை கிடைக்கவே பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அதன்பின் ஐந்து ஆண்டு வசித்த பிறகே பிரஜையாக மனுச் செய்யலாம். அதற்குள் அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிடும், ஊரிலிருக்கும் தகப்பனாருக்கு எழுபத்தைந்தைத் தாண்டிவிடும். அங்கேயே பிறந்த பேரன் பிறவிப் பிரஜையாயிற்றே, அவன் அழைக்கக்கூடாதா என்று கேட்கும் பாட்டிமார் உண்டு. அவனுக்கு இருபத்தோரு வயதானதும் தன் தாய்தந்தையரை அழைக்கலாம். பாட்டி தாத்தாவை அழைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இரண்டாவது நிபந்தனை காகிதம். தாய்க்கு ஒரு மனு, தந்தைக்கு வேறொரு மனு என்று ஐ-130 என்னும் படிவத்தை இருமுறை தனித்தனியே அளிக்கவேண்டும். ஒருவருக்குக் கிடைத்த அனுமதியின் நிழலில் மற்றவர் போக முடியாது. தாய்க்கான மனுவுக்கு, தாயின் பெயர் காட்டும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதும்; தந்தைக்கான மனுவுக்கு அதோடு பெற்றோரின் விவாகச் சான்றிதழும் வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாலு நாள் கல்யாணமாக, ஊரையே கூட்டி நடந்த விவாகங்களுக்குச் சாட்சி சொல்ல மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு மங்கிய புகைப்படமும்தான் மிச்சம். இந்த விஷயத்தில் நல்லதொரு வழி பிறந்திருக்கிறது: எல்லா மதத்தாரின் விவாகங்களையும் பதிய வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் பணித்ததைத் தொடர்ந்து கேரள அரசு 2008-இல் வகுத்த பொது விவாகப் பதிவு விதிகளின்படி, பழைய விவாகங்களையும் பஞ்சாயத்திலோ நகரசபையிலோ பதிந்துகொள்ளலாம்.

பிறந்த தேதியின் சிக்கல் இதைவிடப் பெரிது. பிறப்பு இறப்புப் பதிவை தேசம் முழுவதற்கும் ஒரே முறையாக்கிய சட்டம் 1969-இல்தான் வந்தது. இன்று எழுபத்தைந்தும் எண்பதுமான பெற்றோர் அதற்கு வெகு முன்னே, பாலக்காடு நகரில் பிறந்திருந்தால் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவிலும், சித்தூர் பக்கம் பிறந்திருந்தால் கொச்சி சமஸ்தானத்திலும், தேவிகுளத்தில் பிறந்திருந்தால் திருவிதாங்கூரிலும் பிறந்தவர்கள். வீட்டு மர அலமாரியிலிருக்கும் ஜாதக ஓலையை எடுத்துப் பார்த்தால் கொல்லம் 1120, சிங்க மாதம், மக நட்சத்திரம் என்று இருக்கும். அது 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் விழும் மாதம். அதே மனிதரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினால், ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக்கு வயது பொருந்தவேண்டுமென்று ஆசிரியர் எழுதிக்கொண்ட மே மாதத் தேதி ஒன்று இருக்கும். உத்தியோகம், ஓய்வூதியம், பாஸ்போர்ட் எல்லாம் அந்தப் பள்ளித் தேதியின்மேல் எழுந்து நிற்க, அறுபதாம் கல்யாணம் மட்டும் நட்சத்திரப்படி நடந்திருக்கும். தூதரகத்துக்கு வேண்டியது ஒரே தேதி. எல்லாக் காகிதத்திலும் அதே தேதி. பதிவேட்டில் பிறப்பு இல்லையெனில், இல்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வாங்கி, பள்ளி ஆவணத்தையும் பிறப்பை நேரில் அறிந்த மூத்த பந்துக்களின் பிரமாணப் பத்திரத்தையும் இணைக்கவேண்டும். அந்த மூத்த பந்துக்கள் ஜீவித்திருக்கும்போதே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

பெயரோ, தேதியைவிடச் சங்கடம் தருவது. மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வீட்டில் கூப்பிட்டபடி தங்கம் என்றிருக்கும். அவளுடைய பாஸ்போர்ட்டில் மீனாட்சி என்றிருக்கும். பிறந்த வீட்டில் வைத்த பெயரைப் புக்ககத்தில் மாற்றிய சம்பிரதாயம் இருந்த குடும்பமானால் மூன்றாவதாக ஒரு பெயரும் இருக்கும். தந்தையின் பெயருக்கு முன்னே ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் எழுத்துகளாக நிற்க, குடும்பப் பெயர் எது என்று கேட்கும் கட்டத்தில் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொன்றை நிரப்பியிருப்பார்கள். இன்ன இன்ன பெயர்களுக்குரியவர் ஒருவரே என்று கேரளத்து வில்லேஜ் ஆபீஸில் தரும் சான்றிதழ் இதற்கென்றே உள்ளது. கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தின் வழியாக விண்ணப்பித்துப் பெறலாம். பேரக்குழந்தையின் புகைப்படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தன் பெயர் தனக்குரியதுதான் என்று எழுபது வயதில் நிரூபிக்க அக்ஷயா மையத்தின் பெஞ்சில் காத்திருக்கும் ஒரு தாயை, விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு நடத்தவேண்டும் என்று இங்கே சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது, பணப் பொறுப்பு. அழைக்கிற பிள்ளை தன் வருமானம், வருகிற பெற்றோரையும் சேர்த்து எண்ணிய குடும்பத்துக்கு அந்நாட்டு அரசு வகுத்த வறுமைக் கோட்டின் நூற்றிருபத்தைந்து சதவீதத்துக்குக் குறையாது என்று ஐ-864 என்ற பத்திரத்தில் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். இது வெறும் சடங்கன்று. பெற்றோர் பிரஜையாகும் வரையிலோ, நாற்பது காலாண்டு உழைப்பு அவர்கள் கணக்கில் சேரும் வரையிலோ, அந்த தேசத்தை விட்டு நிரந்தரமாக நீங்கும் வரையிலோ, உயிர் பிரியும் வரையிலோ நிற்கிற கடன் இது. பிள்ளைக்கு வேலை போனாலும் கடன் போகாது. அதைச் செலுத்தும்படி கேட்டு பெற்றோரே நீதிமன்றத்துக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது. மனு அங்கீகாரமானபின் காகிதங்களெல்லாம் தேசிய விசா மையத்தில் சரிபார்க்கப்பட்டு, வைத்தியப் பரிசோதனையும் தடுப்பூசியும் முடிந்து, அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கும். சுற்றுலா விசாவில் அழைத்துக்கொண்டுபோய் அங்கேயே மனுவைப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து உள்ளே நுழைவது பொய்யுரைத்ததாகக் கருதப்பட்டு, பின்னால் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது.

இவ்வளவும் ஆனபின் கையில் வரும் அட்டை யாருடையது? பெற்றோருடையது; முழுக்க முழுக்க அவர்களுடையது. பிள்ளை வேறு ஊருக்கு மாறினாலும், உத்தியோகம் இழந்தாலும், ஏன், பிள்ளையோடு மனஸ்தாபப்பட்டுத் தனியே போய் வசித்தாலும், அந்த வாச உரிமை கெடுவதில்லை. அமெரிக்கச் சட்டத்தின் குறைகள் எத்தனையோ இருந்தாலும், அழைத்தவன் கையில் கயிற்றை விட்டுவைக்காமல் வந்தவள் கையில் உரிமையைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த உரிமை கெடுவது வேறு விதத்தில். நிரந்தர வாசி என்றால் அங்கே வாசம் செய்யவேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பும்போது கேள்வி எழும். முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் அட்டையைக் கொண்டு திரும்ப முடியாது. அனுமதி வாங்கினாலும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான். அதற்கு விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவிலேயே இருக்கவும் வேண்டும். கோடையில் அங்கே, தேருக்கு இங்கே என்று காலத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சுற்றுலா விசாவே உசிதமாக இருக்கலாம். வைத்தியச் செலவும் யோசிக்கத் தக்கது: அறுபத்தைந்து வயதானவர்களுக்கான அரசு வைத்தியக் காப்பில், அங்கே உழைத்திராத பெற்றோர் நிரந்தர வாசியாக ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்த பிறகே, அதுவும் மாதாமாதம் பணம் கட்டியே, சேர முடியும். அதுவரை தனியார் காப்பீடுதான். வயதானவர்களுக்கு அது சொற்பச் செலவல்ல. பச்சை அட்டை பெறுவதால் இந்தியப் பாஸ்போர்ட்டும் பிரஜாவுரிமையும் மாறுவதில்லை. வீடும் பூர்விக வயலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் தடை. வங்கிக் கணக்கை வெளிநாட்டு வாசிகளுக்குரிய கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்ற தேசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கானடாவில் விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுத்து அழைத்துவந்திருக்கிறார்கள்; அழைக்கும் பிள்ளை இருபது ஆண்டுக்கு, கியூபெக் மாகாணத்திலானால் பத்தாண்டுக்கு, பராமரிப்புக்கு உறுதி தரவேண்டும்; குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கு, ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கக்கூடிய சூப்பர் விசா இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெருந்தொகை கட்டினால் ஒரு வரிசை, கட்டாவிட்டால் ஆயுளுக்குள் முடியுமா என்று தெரியாத இன்னொரு வரிசை. பிரிட்டனோ 2012 முதல், குளிக்கவும் உடுக்கவும் பிறர் கை வேண்டுமளவு தளர்ந்து, அந்தக் கையும் சொந்த நாட்டில் கிடைக்காத பெற்றோரை மாத்திரமே ஏற்பதென்று கதவைக் கிட்டத்தட்ட மூடிவிட்டது. பாலக்காட்டிலிருந்து அதிகம் பேர் போயிருக்கும் வளைகுடா நாடுகளில் பெற்றோரின் தங்கும் அனுமதி பெரும்பாலும் பிள்ளையின் உத்தியோகத்தில் தொங்குவது. அவனுடைய விசா ரத்தானால் அவர்களும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

பிள்ளையின் வேலையில் தொங்கும் பெற்றோரின் வாசம் என்ற இந்த ஏற்பாட்டைக் காண வளைகுடாவரை போகவேண்டியதில்லை; பாலக்காட்டுக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில், இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் அது நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு ராஜவம்சத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின், காட்டை அழித்துத் தேயிலை வைக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்களின் சந்ததியார் இன்றும் மூணாற்றைச் சுற்றிய எஸ்டேட்டுகளில் வசிக்கிறார்கள். அவர்கள் வந்தபோது அது திருவிதாங்கூர். 1956 நவம்பரில் எல்லை வகுத்தபோது, பெருவாரியானவர்கள் தமிழ் பேசியும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன.

அவர்கள் வசிக்கும் லயம் என்பது, ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. முன்னே ஒரு திண்ணை அல்லது சிறு வராந்தா, உள்ளே ஓர் அறை, பின்னே புகை படிந்த அடுக்களை. சுவரின் இந்தப் பக்கம் குழந்தை அழுதால் அந்தப் பக்கம் விழித்துக்கொள்வார்கள். அந்த வீடு கம்பெனியுடையது. வேலையோடு வந்தது, வேலையோடு போவது. முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த அம்மாள் ஓய்வு பெறும் நாளில், அவளுடைய பிள்ளையோ மருமகளோ எஸ்டேட் பேர்ப்பதிவில் இருந்தால் அவர்கள் பேரிலுள்ள வீட்டில் அவள் தொடர்ந்து இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்யவேண்டும். ஆகையினால், மூத்தவன் கல்லூரியில் படித்தான், இளையவள் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்ற சந்தோஷத்துக்குள்ளேயே, யார் ஒருவர், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து அப்பா அம்மாவுக்கு வீட்டைக் காப்பது என்ற கேள்வி லயத்துக் குடும்பங்களில் புகுந்துவிடுகிறது. அமெரிக்காவில் பிள்ளை முன்னேறினால்தான் பெற்றோருக்கு வீடு. இங்கே பிள்ளை முன்னேறாமல் இருந்தால்தான் பெற்றோருக்கு வீடு.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டபோது, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்று விதித்தது. அது பெரிய உபகாரம். ஆனால் குடும்பம் எது என்று வரையறுத்தபோது, அண்டி வாழும் தாய்தந்தையரை, தொழிலாளி ஆணாயிருந்தால் மாத்திரமே சேர்த்தது. தேயிலைக் கொழுந்தைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டமே அவர்கள் விரலில் நடப்பது. அப்படியிருந்தும், மகளின் உழைப்பை அண்டியிருந்த தாய்தந்தையர் சட்டத்தின் கண்ணில் அவள் குடும்பத்தாராக இல்லை. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த அநீதியை நீக்கி, ஆணாயினும் பெண்ணாயினும் அண்டியிருக்கும் பெற்றோரையும் விதவைச் சகோதரியையும் குடும்பத்தில் சேர்த்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், போனஸும் கூலியும் கேட்டு மூணாறு வீதியில் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்து உட்கார்ந்த, பெண்பிள்ளை ஒருமை என்ற பெண் தொழிலாளர் இயக்கத்தார் இந்தத் தாய்மாரும் மகள்களுமே.

ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பலாமே என்று சொல்வது எளிது. எந்த ஊருக்கு? கயத்தாறும் சங்கரன்கோவிலும் போடியும் கோவில் கொடைக்குப் போய்வரும் ஊர்களாகிவிட்டன. நான்காம் தலைமுறைக்கு அங்கே ஒரு சென்ட் மனைகூட இராது. கேரளத்திலோ, பட்டியல் ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளையிடம், உன் முன்னோர் 1950-க்கு முன்பே இங்கே வசித்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறார்கள். பழைய எஸ்டேட் பேரேட்டில் பாட்டன் பெயர் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. கல்பாத்தித் தாயும் தேவிகுளத்துப் பிள்ளையும் ஒரே காகிதத்தைத்தான் தேடுகிறார்கள். தேடித் தர ஆளும் பணமும் உள்ளவர் ஒருவர், இல்லாதவர் மற்றவர்.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டார்கள். ஒரே குடும்பத்தில் பாட்டியும் மகனும் பேரப்பிள்ளைகளுமாகப் போன கூட்டங்கள் அதில் உண்டு. உயிர் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு, குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு தந்த நிலத்தில் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. மலை இடிந்து வந்த பிறகு அந்தக் குடும்பங்களுக்குச் சாத்தியமான காரியம், மற்ற எஸ்டேட்டுகளில் மலை இடியாமலே சாத்தியமாகவேண்டும்: தொழிலாளி ஓய்வு பெறும் தேதிக்கு முன்பே, தேவிகுளம் தாலுகாவிலேயே, அவள் பெயரிலேயே பட்டாவுடன் ஒரு மனையும் வீடும் கிடைக்கவேண்டும். மகன் பேர்ப்பதிவில் இருக்கிறானா, மகள் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாளா என்ற விசாரணை அந்தப் பட்டாவுக்கு வேண்டியதில்லை. தோட்டச் சட்டத்தை 2020-இல் இயற்றிய புதிய தொழிலகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போடு சேர்த்துவிட்டார்கள். அதன்கீழ் கேரளம் வகுக்கும் விதிகளில் ஓய்வு பெற்றவரின் வீட்டைப் பற்றி ஒரு பிரிவு எழுத இடமிருக்கிறது, எழுதும்படி கேட்க மூணாற்றில் ஆட்களும் இருக்கிறார்கள்.